கோதண்டத்தின் கடைக்கு ஒரு பெயர்

கோதண்டம் அண்ணன் இறந்த செய்தி காலை ஆறரை மணிக்கு வந்தது. காசிமேட்டில் ஏலம் ஓய்ந்து, கூடைகள் கழுவப்பட்டு, ஐஸ் தண்ணீர் சாலையோரமாக வழிந்துகொண்டிருக்கும் நேரம் அது. நான் வியாசர்பாடியில் வீட்டில் இருந்தேன். தொலைபேசியில் இருதயம்மாள் பேசினார். கோதண்டத்தின் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். எதையும் கத்தித்தான் சொல்வார். அன்று மெதுவாகச் சொன்னார்.

"மகிழு, அண்ணன் கதவத் தொறக்கலம்மா. மொத டீ எப்பவும் அவருக்குத்தான் ஊத்துவேன். ஆறிப்போயி கெடந்திச்சு. அப்பால பசங்கள உட்டு ஷட்டரை நெம்பிப் பாத்தா, படுத்த மேனிக்கே போயிட்டு கீறாரு."

பின்னால் யாரோ கண்ணாடி கிளாஸ்களை அலசும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கேட்டார்: "யாருக்கும்மா சொல்றது?"

மனைவி இல்லை. பிள்ளை இல்லை. உறவு என்று கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் ஏற்கெனவே அந்தச் சந்தில் நின்றிருந்தார்கள். சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான், காக்கிநாடாவில். அவரிடம் கோதண்டம் பல ஆண்டுகளாகப் பேசவில்லை. பேசிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கடைசியாகச் சில மாதங்கள் தன் கடைக்கு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியவர் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மீன்பிடித் துறைமுகத்து வாசலுக்கு எதிரே போகும் சந்தில் அவருடைய கடை. படகு எஞ்சின் பழுது பார்ப்பார், உதிரி பாகங்களும் விற்பார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், சுவரில் மனைவி புஷ்பவல்லியின் படம். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கோதண்டம் கடை என்றால் எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அவர் பிறந்தது திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு குப்பத்தில். அதே தெருவில் பிறந்தவர் பரசுராமன். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டார்கள், ஒன்றாக ஒரே படகில் கூலிக்குப் போனார்கள், ஒன்றாகச் சேர்த்து ஒரு பழைய படகை வாங்கினார்கள். அதன் முன்மூக்குப் பலகை வெடித்திருந்தது. புதுப் பலகைக்கு வழியில்லாமல், விம்கோ நகரில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அலுமினியத் தகடு வாங்கி வந்து மூக்கில் சுற்றி ஆணி அடித்தார்கள். காலை வெயிலில் அது தூரத்திலிருந்தே மின்னியது. கரையில் இருந்தவர்கள் கிண்டலாக வெள்ளிமூக்கு என்று கூப்பிட்டார்கள். சாமி பேர் வையுங்கள் என்று பெரியவர்கள் சொன்னபோது, கூப்பிடுகிற பேரே இருக்கட்டும் என்று இவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்களாம்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்குப் பெயர் வைப்பவர் அதை எழுதுவதற்கு முன் கெங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது அவருடையது. வேறு யாரும் அந்தப் பெயரைத் தொடமாட்டார்கள். எழுத்தும் கையெழுத்தும் கிடையாது. காதில் விழுந்தால் போதும்.

வெள்ளிமூக்கு நன்றாக ஓடியது. பிறகு புஷ்பவல்லிக்குச் சிறுநீரகம் கெட்டது. கோதண்டம் கடலுக்குப் போவதும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவதுமாக இருந்தார். காக்கிநாடாவில் இறால் அதிகம் கிடைக்கிறது, அங்கே போய்விடலாம் என்று பரசுராமன் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பருவம் பொறுத்தார், இன்னொரு பருவமும் பொறுத்தார். ஒருநாள் கரையில் எல்லோர் எதிரிலும், "நீ பொண்டாட்டி முந்தானியப் புட்ச்சிகினு இங்கியே குந்திகினு இரு" என்று சொல்லிவிட்டார். கோதண்டம் கை ஓங்கினார். மற்றவர்கள் விலக்கினார்கள். அதற்கப்புறம் இருவரும் ஒரு படகில் ஏறவில்லை.

பஞ்சாயத்துக் கூடிப் பிரித்துக் கொடுத்தது. கடை வைக்கிற அளவுக்குக் கோதண்டத்துக்கு ஈடு, படகு பரசுராமனுக்கு. பெயர் மட்டும் கோதண்டத்துக்கு. ஒரே பெயர் இரண்டு பேரிடம் இருந்தால் சண்டை தீராது என்று அப்படிச் செய்வார்களாம். வடக்கே கிளம்புவதற்கு முன் பரசுராமன் தன் கையால் படகிலிருந்த எழுத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

"அவன் சொறண்டும்போது நான் போயி பாக்கல டீச்சரு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "பாத்துகினு நின்னிருந்தேன்னா ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போம். அப்பால பஞ்சாயத்து இன்னாத்துக்கு?"

அந்த வருடமே புஷ்பவல்லி இறந்தார். சாவுக்குப் பரசுராமன் வரவில்லை. சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை என்று கோதண்டம் சொன்னார். இவர் சொல்லி அனுப்பவே இல்லை என்று இருதயம்மாள் சொன்னார்.

அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. ஆனால் பேச்சில் மட்டும் கடைசிவரை 'நாங்க'தான். "நாங்க நாஷ்டா துன்னுட்டுத்தான் வலை இழுப்போம்." "நாங்க மழைக்கு பயப்பட மாட்டோம்." அந்த நாங்களில் இன்னொருவர் யார் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அறையில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

காசிமேட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நான் பிரௌசிங் சென்டர் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் வகுப்பும் எடுப்பதால் என்னை டீச்சர் என்பார். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் புது ஃபைபர் படகுகள் வந்தன, அவற்றோடு புது எஞ்சின்களும். நாகப்பட்டினத்திலிருந்தும் நெல்லூரிலிருந்தும் உதிரி பாகம் கேட்டு அவருக்கு போன் வந்தது. வெப்சைட் போடுங்கள் என்று எஞ்சின் கம்பெனிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாயிரத்து ஆறு கோடையில் ஒரு பகல், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"ஒரு வெப்சைட் வோணும் டீச்சரு. ஜல்தியா ஆவுமா, நாளாவுமா?"

"பக்கம் சீக்கிரம் ஆயிடும்ண்ணா. பேரு புடிக்கிறதுதான் நாளாவும்."

"ஏன், ஜோசியரக் கேக்கணுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெயர் சின்னதாக இருக்க வேண்டும். போனில் ஒரு தடவை சொன்னால், எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்காமல் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம். இன்றைக்கு எஞ்சின் விற்கிறோம் என்று எஞ்சினையே பெயராக வைத்தால், நாளைக்கு வலை விற்கும்போது இடிக்கும். வேறு கடையின் பெயரைப் போல இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், உலகத்தில் வேறு யாரும் அதை எடுத்திருக்கக் கூடாது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஐய, இது படகுக்கு பேரு வெக்கிற கதைதானே" என்றார். "வா, கத்திப் பாத்துடலாம்."

காற்றும் எஞ்சின் சத்தமும் இருக்கும்போது ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூவினால் எந்தப் பெயர் போய்ச் சேருகிறதோ அதுதான் பெயர் என்பது அவர் கணக்கு. என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். எதிர்ப்பக்கம் ஒரு விசைப்படகின் மேல்தளத்தில் ராமசுப்பு நின்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அந்தப் படகின் டிரைவர். கோதண்டம் வாயைக் கையால் குவித்து, நான் எழுதிக் கொடுத்திருந்த முதல் பெயரைக் கூவினார்.

"கோதண்டம் மரைன் எஞ்சின் சர்வீஸ் டாட்..."

இருமல் வந்துவிட்டது. "பாத்தியா, மூச்சு தீந்துபோச்சு, பேரு தீரல" என்றார். பிறகு அந்தப் பக்கம் பார்த்து, "யோவ் ராமசுப்பு, இன்னாய்யா கேட்டிச்சு?"

"அண்ணாச்சிக்கு இருமல்னு கேட்டுது. மருந்து வாங்கியாரணுமா?"

அடுத்ததை என்னைக் கூவச் சொன்னார். கூச்சத்தோடு, "சென்னை மரைன்" என்றேன். பக்கத்துப் படகில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சென்னைய யாருக்கு விக்கப் போறீய, தங்கச்சி?" என்றார் ராமசுப்பு.

"கேட்டுகினியா? ஊரு பேர வெச்சா ஊரே பங்குக்கு வந்துடும்" என்றார் கோதண்டம். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "என்னாண்ட ஒரு பேரு கீது டீச்சரு. மொதல்லருந்தே கீது. நீ இன்னா சொல்றேன்னு பாத்தேன்."

கூவினார். "வெள்ளிமூக்கூ!"

ராமசுப்பு கையை உயர்த்தினார், விளங்கியது என்று. அதோடு நிற்கவில்லை. தள்ளி, வலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் தலையை நிமிர்த்தினார்கள். ஒருவர் எழுந்து நின்று, கையை நெற்றிக்கு வைத்து, துறைமுக வாயைப் பார்த்தார்.

"படகு வருதான்னு பாக்கறானுங்க" என்றார் கோதண்டம். அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். எதற்காக அது வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. "இத்த எவன் பாத்தாலும் எஞ்சின் கடைன்னு பாத்துட்டுப் பூடுவான். ஒருத்தன் பாத்தா மட்டும் ஆடிப்பூடுவான். நம்ம தோஸ்து. அவன் ஊர்லயும் கம்ப்யூட்டரு இருக்கும் இல்ல? அவன் பாக்கலன்னா அவன் புள்ளைங்க பாக்கும். பாத்துட்டு ஒரு போன் அடிக்கட்டும். நானா அடிக்க மாட்டேன். அன்னிக்கி அந்த வார்த்தைய சொன்னது அவன்."

"நல்ல பேருண்ணா. காலியா இருக்கான்னு மொதல்ல பாத்துடறேன்."

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "யாரப் போயி கேப்ப? என் பேரை நான் எவனாண்ட கேக்கணும்? பஞ்சாயத்துல எனக்குக் குடுத்தது. அந்தப் பேரை எவனும் தொடமாட்டான். மொறையா சொல்லிட்டு வரேன், அப்பால நீ எழுது."

கம்ப்யூட்டருக்குப் பஞ்சாயத்து தெரியாது, முதலில் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். மீனவன் பெயரை மீனவன் எடுக்கமாட்டான், மற்றவனுக்கு அந்தப் பெயர் தோன்றவே தோன்றாது என்றார். இரண்டாவது சரிதான் என்று எனக்கும் பட்டது.

வெள்ளிக்கிழமை குப்பத்துக்குப் போய், கெங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினார். நானும் போயிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, மாப்பிள்ளை போல வந்திருந்தார். சுண்டல் வாங்க வந்த கூட்டத்தின் நடுவே நின்று, "வெள்ளிமூக்கு டாட் காம்" என்று உரக்கச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், "இன்னா மாமு, படகு எங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "டாட் காம்னா இன்னாடா, டபுள் எஞ்சினா?" என்றார். "ஆமாண்டா, டீசலே ஊத்த வாணாம், தானா ஓடும்" என்று கோதண்டம் பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவர் நின்று சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை சென்டரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். படகின் மூக்கில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எப்படி என்று ஒரு பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதே எழுத்துகளை அடித்தேன். இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எவன்?"

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய ஐஸ் பாளங்களின் படம் ஒன்று, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நாலைந்து வரி. காக்கிநாடாவில் ஓர் ஐஸ் கம்பெனி. பெயரைப் பதிவு செய்தவர் யார் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதையும் பார்த்தேன். பரசுராமன் என்று இருந்தது. எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோதண்டத்துக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனார். முடிவுக்கு வந்ததும், "திருட்டு நாயி!" என்று கத்தினார். பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படகையும் எத்துகினு போனான். இப்ப பேரையும் எத்துகினான். கற்பூரம் ஏத்திச் சொல்லிட்டு வந்துகீறேன், ஊரே சிரிக்குமே!"

பிறகு அவரே சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் வெகுநேரம் அந்த ஐஸ் பாளங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவன் கையாலதான் சொறண்டினான்" என்றார், எனக்கு அல்ல.

பக்கத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாள் மதியம் வந்து, "சும்மா மணி அடிக்குதான்னு மட்டும் பாரு" என்றார். எண்ணைப் போட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். தெலுங்கு இழுப்போடு, "வெள்ளிமூக்கு ஐஸ், செப்பண்டி" என்று சொன்னது எனக்கும் கேட்டது. கோதண்டம் பேசவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். அவர் ரிசீவரை மெல்ல வைத்துவிட்டார்.

"எவ்ளோ சோக்கா சொல்றா பாரு" என்றார். "நாள் பூரா சொல்லுவா இல்ல? வரவன் போறவன் எல்லாராண்டயும்."

"பேசியிருக்கலாமேண்ணா."

"இன்னான்னு பேசறது? எம் பேரைக் குடுடான்னா? அது நல்லாகீது அவனாண்ட. பொழச்சிப் போவட்டும்." எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். "எட்த்தவொடனே இன்னா கேப்பான் தெரியுமா? கடைக்கு இன்னாடா பேருன்னு கேப்பான். அவனை எனக்குத் தெரியும். பேரில்லாத கடைன்னு சொல்லவா? எனக்குன்னு ஒண்ணு வெச்சிகினு அப்பால பேசறேன். நீ ஒண்ணு புடி."

அப்படித்தான் தேடல் தொடங்கியது. அதே பெயருக்கு டாட் காமுக்குப் பதில் டாட் இன் போட்டு எடுக்கலாம், காலியாக இருக்கிறது என்றேன். "அவன் முன்னால போவான், நான் வாலைப் புட்ச்சிகினு பின்னால போவணுமா?" என்றார். பின்னால் சென்னை என்று சேர்க்கலாம் என்றேன். பெயரை நீளமாக்காதே என்று நீதானே சொன்னாய் என்றார். எஞ்சின், டீசல், பிஸ்டன் எதுவும் ஒத்துவரவில்லை; அதெல்லாம் எல்லாரிடமும் இருக்கிறது என்றார். வெறும் கோதண்டம் என்றே வைத்துவிடலாமே என்றபோது, "அது எங்கப்பன் வெச்சது. நாங்க வெச்சதா இருக்கணும்" என்றார்.

புஷ்பவல்லி என்று வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அவ பேரை ரோட்ல போறவன் வரவன்லாம் தட்டிகினு கீறதா? போ டீச்சரு" என்றார். கோபமில்லை. வெட்கப்பட்டது போல இருந்தது.

மழைக்காலம் வந்தது. சாயங்காலங்களில் ஒரு பெயரோடு மாடி ஏறி வருவார். வாசலில் நின்றே சொல்வார். நான் அடித்துப் பார்ப்பேன். சில காலியாகவும் இருந்தன. "காலியா கீதா? அப்ப எவனுக்கும் வோணாத பேரு" என்று அவரே தள்ளிவிடுவார். ராமசுப்புவும் ஆழ்கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் இரண்டு பெயர் கொண்டுவருவார். இருதயம்மாள் தன் பங்குக்கு மாதா பெயரைச் சொன்னார். "ஒம் பேரையே வெச்சிடறேன், டீயும் எஞ்சினும் ஒண்ணா விக்கலாம்" என்று கோதண்டம் அவரைச் சீண்டினார். "வெச்சிப் பாரு, சுடுதண்ணி ஊத்தறேன்" என்றார் இருதயம்மாள்.

போகப் போகப் பெயர் இல்லாமலும் வரத் தொடங்கினார். வந்து உட்கார்ந்து, "அந்த ஐஸைக் காட்டு" என்பார். திறந்து காட்டுவேன். புதிதாக ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். ஒருமுறை ஐஸ் பாளங்களுக்குப் பதில் ஒரு லாரியின் படம் இருந்தது. லாரியின் மூக்கில் மின்னும் அலுமினியத் தகடு அடித்திருந்தார்கள். அதை அவர்தான் முதலில் பார்த்தார். அப்படியே எழுந்து கீழே இறங்கிப் போனார். அன்று தெருவிளக்குக் கம்பத்தடியில் அவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போல நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன்.

பொங்கல் போய்ச் சில நாட்களில் நெஞ்சு வலிக்கிறது என்று இருதயம்மாளிடம் சொல்லியிருக்கிறார். வாயு என்று சோடா குடித்திருக்கிறார். அடுத்த வாரம் அந்த ஆறரை மணி போன் வந்தது.

நான் போனபோது சந்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். யாரோ மாலை வாங்கப் போயிருந்தார்கள். ராமசுப்பு காலருகில் நின்றிருந்தார். மாடிக்குப் போய், கம்ப்யூட்டரில் எண்ணைப் பார்த்து, காக்கிநாடாவுக்கு அடித்தேன். அதே பெண் எடுத்தாள். பரசுராமன் வேண்டும், காசிமேட்டிலிருந்து பேசுகிறேன் என்றேன். காசிமேடு என்ற சொல் போதுமானதாக இருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றது ஒரு கரகரத்த குரல். சொன்னேன். நான் யார் என்பதையும், கோதண்டம் காலையில் இறந்துவிட்டார் என்பதையும்.

எதிர்ப்பக்கம் ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றது, யாரோ நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"எப்ப எடுக்கறீங்க?"

"சாயங்காலம்ண்ணா. நீங்க வர்ற வரைக்கும் வேணா..."

"வாணாம். எடுத்துடுங்க. அவனுக்குக் காத்துகினு கெடக்கறது புடிக்காது." தமிழில் தெலுங்கு வாடை ஏறியிருந்தது. ஆனால் பேச்சு அதே குப்பத்துப் பேச்சு. "நீ யாரும்மா, என் நம்பரு உனக்கு எப்பிடித் தெரியும்?"

வெப்சைட்டில் பார்த்தோம் என்றேன். கோதண்டம் கடைக்கு அதே பெயரை வைக்க நினைத்ததையும், அது எடுக்கப்பட்டிருந்ததையும், வேறு பெயர் வைத்துக்கொண்டு போன் செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"பாத்தானா?" என்றார். "அவன் பாத்தானா?"

"தெனம் பாத்தாருண்ணா."

"அது அவன் பேருதாம்மா. பஞ்சாயத்துல அவனுக்குத்தான் குடுத்தாங்க. தெரியும். எம் பேரை ஏண்டா எட்த்தேன்னு சண்டைக்கு வருவான்னுதான் வெச்சேன். வேற எதுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான், பேருக்குன்னா கத்தினு வருவான்னு..." அந்தப் பெண்தான் ரிசீவரை வாங்கி, ஏதோ தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் எடுத்தார்கள். பெண்கள் சந்துமுனை வரைதான். இருதயம்மாளும் நானும் அங்கே நின்றோம். பறை சத்தம் கடற்கரைச் சாலையில் திரும்பித் தேய்ந்தது. திரும்பி வந்து, கடையின் ஷட்டரை இழுத்துவிடப் போனபோது, உள்ளே சுவரில் சாய்த்து, தாளால் மூடிய ஒரு தகரப் பலகை இருந்தது. "பேரு எங்க போவும், தானா வரும்னு சொல்லி, பெயின்டருக்கு இதை எழுதக் குடுத்தாரும்மா. பொங்கலுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றார் இருதயம்மாள். தாளை விலக்கினேன். நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே கோதண்டம் எஞ்சின் ஒர்க்ஸ், காசிமேடு. அதன் கீழே இடது ஓரத்தில் மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும், வலது ஓரத்தில் டாட் காம். நடுவில் ஒரு முழம் நீலத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.